மண்வெட்டிக் கணக்கு

சாம்பல் நிறத்தாள், பெயரும் அதுவே: செனிசா.
கொண்டுவந்து விட்டபோது
எலியோதோரோ அந்த்ரியாவோ சொன்னது ஒரே வரி:
“கட்டினால் நிற்க மாட்டேன் என்கிறாள்.”
மீதியை அவன் தங்கை சொன்னாள், மாத்தே உறிஞ்சிக்கொண்டே.

சந்தைக்குப் போன இடத்தில்
பட்டிக் கதவில் கட்டியிருக்கிறான்.
ஒரு இழுப்பு.
கீல் பெயர்ந்து கதவு கயிற்றோடு வந்துவிட்டது.
ஓடினாள். கதவும் ஓடியது.
திரும்பினாள். அதுவும் திரும்பியது.
இரண்டு மைல், கல்லும் முள்ளுமாய்,
ஒரு கதவு அவளைத் துரத்தியிருக்கிறது.

அதிலிருந்து அவளுக்குத் தெரிந்த உலகம் இது:
எதில் கட்டினாலும் அதற்குக் கால் முளைக்கும்.
பொய் என்று எப்படிச் சொல்வேன்? நடந்திருக்கிறதே.

என் கட்டுத்தறி, பழைய ரயில் பாதையின் ஸ்லீப்பர் கட்டை.
மார்பளவு ஆழம் புதைத்திருக்கிறேன்.
எஸ்கேல் பக்கத்துக் காற்று
ஆட்டுக்கொட்டகைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போன வருஷமும்
அது அசையவில்லை.
கயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவே
லாரி டயரின் உள்டியூப் ஒரு துண்டு:
இழுத்தால் கொஞ்சம் வரும்,
அப்புறம் வராது.
முடிச்சு அவள் கண் உயரத்தில்.
சுண்டினால் அவிழும் முடிச்சுதான்; ஆனாலும்
இடுப்பில் கத்தி. அது என் பயத்துக்கு.

முதல் நாள்
பின்னால் இழுத்து உட்கார்ந்தே விட்டாள்.
கழுத்து நீண்டு, கண்ணில் வெள்ளை சுழன்று,
கட்டையையே பார்த்தாள்,
இதோ கிளம்பும், இதோ கிளம்பும் என்று.
கிளம்பவில்லை.
அது அவளுக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி.

பிறகு பறிக்க ஆரம்பித்தாள்.
இடது முன்னங்கால், ஒரே இடம்,
கடன்காரன் வாசலில் தட்டுவதுபோல.
போய்த் தடவிக்கொடுக்கக் கை துறுதுறுத்தது.
போகவில்லை.
பறிக்கும்போது போனால்
பறித்தால் வருவேன் என்று நானே சொல்லிக்கொடுத்ததாகும்.
நான்கு காலும் மண்ணில் இருக்கும் ஒரு மூச்சு வரும்,
அந்த மூச்சில்தான் போய் அவிழ்க்கவேண்டும்.
வேலியோரம் உட்கார்ந்து சேணத்தோல் தைத்தேன்.
ஊசி இரண்டுமுறை விரலில்.

எலியோதோரோவால்தான் நிற்க முடியவில்லை.
“ஆட்டு ரோமம் வெட்டும் நாளுக்குள் ஆகிவிடுமா, எஃப்ரோசினா?”
வேலியின் அந்தக் கோடி, இந்தக் கோடி,
புல் செத்து ஒரு தடமே விழுந்துவிட்டது.
அவனைக் கட்ட என்னிடம் கட்டை இல்லை.
காசு கொடுப்பவன் வேறு.

சாயங்காலம் அவள் பறித்த குழியை மூடுவேன்.
முதல் நாள் பதினொரு வெட்டு மண்.
மறுநாள் ஒன்பது.
காற்று படுத்துவிட்ட நாளில் நான்கு.
லாரிக்காரன் ஹாரன் அடித்த நாளில் மறுபடி பத்து.
நாட்குறிப்பில் வேறு எதுவும் நான் எழுதுவதில்லை.

பொறுமை என்கிறார்கள்.
அவளிடம் அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.
கட்டை கிளம்பாத நிமிஷங்கள் இருந்தன,
அவை மெல்ல எண்ணிக்கையில் கூடின,
அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நாள்
ஆட்டுப்பட்டிக் கதவு காற்றில் அறைந்தது.
கதவு.
தலை எழுந்தது. கயிறு விறைத்தது. டியூப் முனகியது.
ஊசியைப் போட்டுவிட்டுக் கத்தியில் கைவைத்து நின்றேன்.
ஒரு செவி கதவுக்கு.
ஒரு செவி கட்டைக்கு.
மாத்தே ஆறிப்போகும் நேரம் அப்படியே.
அப்புறம் அவளாகவே ஓரடி முன்னால் வந்தாள்,
கயிறு தொய்ந்தது.
கீழுதடு தொங்கியது. ஒரு பின்னங்கால் மடங்கி ஓய்ந்தது.
எலியோதோரோகூட நடையை நிறுத்தியிருந்தான்.

அவிழ்த்துத் தண்ணீருக்கு விட்டுவிட்டு
மண்வெட்டியோடு வந்தால் குழி இல்லை.
நேற்றைய என் பூட்ஸ் தடத்தின் மேல்
நான்கு குளம்புத் தடங்கள், ஆழமில்லாமல்.
மண்வெட்டியை எங்கே வைப்பதென்று கொஞ்சம் முழித்தேன்.
நாட்குறிப்பில் ஒரு பூஜ்யம் போட்டேன்,
தேவைக்குச் சற்றுப் பெரியதாகவே.

மறுநாள் ஆறு வெட்டு.